கோடை ஆறும் பாஸ் மீனும்: உழவருக்கு ஒரு பாடம்

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் சஸ்குவெஹானா என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒட்சீகோ ஏரியில் பிறந்து, பென்சில்வேனியா மாநிலத்தின் நடுவே பாய்ந்து, மேரிலாந்து மாநிலத்தில் செசபீக் விரிகுடாவில் கலக்கிறது. நீளம் சுமார் 715 கிலோமீட்டர். ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் மழைநீர் இதில் வடிகிறது. நம் காவிரியின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர், வடிநிலம் சுமார் 81,000 சதுர கிலோமீட்டர். ஆகவே இதுவும் கிட்டத்தட்டக் காவிரி அளவு ஆறுதான்.

இந்த ஆற்றில் கோடைக் காலத்தில் தூண்டில் போடுவதற்கென்றே தொலைதூர ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். அவர்கள் தேடி வருவது சிறுவாய் பாஸ் என்ற மீனை. இந்த மீனுக்கு நேர்ந்த கதியில், வயலில் உரமும் மருந்தும் இடும் ஒவ்வொரு உழவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது.

பாஸ் எப்படிப்பட்ட மீன்?

நம் கடற்கரையில் கிடைக்கும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் பாஸ் என்றே சொல்வதுண்டு. அது வேறு இனம், இது வேறு இனம். சிறுவாய் பாஸ் முழுக்க முழுக்க நன்னீர் மீன். பசுமை கலந்த பழுப்பு நிறம், பக்கவாட்டில் கருமையான பட்டைகள். ஆற்றுப் பாறைகளின் இடுக்கில் வாழும் கல் இறால், நீர்ப்பூச்சிகள், சிறு மீன்கள் ஆகியவை இதன் உணவு.

இளவேனிற் பருவத்தில் நீரின் வெப்பம் 15 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை உயரும்போது, ஆண் மீன் ஆற்றின் அடியில் கூழாங்கற்களை வாலால் ஒதுக்கி வட்டமாகக் கூடு அமைக்கிறது. பெண் மீன் அதில் சில ஆயிரம் முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு காவல் முழுவதும் தகப்பன் மீனுடையது. முட்டை பொரிந்து குஞ்சுகள் தாமாக இரை தேடும் வரை அது கூட்டை விட்டு அகலாது. நம் குளங்களில் விரால் மீன் தன் பார்ப்புகளைக் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வளர்ச்சி மெதுவானது. நல்ல குளத்தில் நம் கட்லா கெண்டை ஓராண்டில் ஒரு கிலோ எடை வந்துவிடுகிறது. இந்த பாஸ் ஓர் அடி நீளம் வளர 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகும். ஓர் ஆண்டுக் குஞ்சுகள் அழிந்தால் அந்த இழப்பு உடனே தெரியாது. நான்கு ஆண்டு கழித்துத்தான் தூண்டில்காரருக்குத் தெரியவரும்.

கோடையில் ஒரு நாள்

ஹாரிஸ்பர்க் நகரத்தை ஒட்டி இந்த ஆறு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு அகன்று கிடக்கிறது. ஆனால் ஆழம் குறைவு. கோடையில் பல இடங்களில் முழங்கால், இடுப்பு அளவு நீரில் இறங்கி நடக்கலாம். நீருக்கடியில் பாறை வரப்புகள் குறுக்கே ஓடுவதால், சாதாரண விசைப்படகின் சுழல்விசிறி அடிபட்டுவிடும். அதனால் நீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி ஓடும் மோட்டார் பொருத்திய தட்டையான படகுகளைப் பயன்படுத்துகிறார்கள்.

மீன்பிடிப்போர் விடியுமுன்பே ஆற்றுக்கு வந்துவிடுவர். அந்த வேளையில் நீர் குளிர்ந்திருக்கும், வெளிச்சமும் குறைவாக இருக்கும். அப்போது பாஸ் ஆழத்தை விட்டு மேலே வந்து மேயும். தவளை போலவும் சிறு மீன் போலவும் செய்த மிதக்கும் இரையைப் பாறை வரப்பின் கீழ்ப்புறத்தில் வீசி மெதுவாக இழுப்பார்கள். தேங்கிய கரையோரத்தை விட்டு, நீர் சலசலத்துப் பாயும் இடத்தையே அனுபவசாலிகள் தேர்ந்தெடுப்பர். காரணம் பின்னால் வருகிறது.

வெயில் ஏறியதும் மீன் மேற்பரப்பில் நில்லாது. பாறை நிழலுக்கும் மடுவுக்கும் இறங்கிவிடும். நண்பகலில் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. அப்போது எடை கட்டிய இரையை அடிமட்டத்தில் தத்தவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். பலர் அந்த நேரத்தில் மீன்பிடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சூடான நீரில் போராடிக் களைத்த மீன், திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம்.

மாலையில் மறுபடி ஆறு உயிர் பெறும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அந்தி மங்கும் வேளையில், ஆற்றடி வண்டலில் வளர்ந்த ஒருவகை வெள்ளை ஈக்கள் நம் ஊர் ஈசலைப் போல் கூட்டம் கூட்டமாக நீரிலிருந்து எழும். பாஸ் மீன்கள் துள்ளித் துள்ளி அவற்றைப் பிடிக்கும். இந்த ஈக்களின் இனத்தைச் சேர்ந்தவை 2015 ஜூன் மாதத்தில் கொலம்பியா, ரைட்ஸ்வில் ஊர்களை இணைக்கும் பாலத்து விளக்குகளில் மொய்த்துக் குவிந்து, மோட்டார் சைக்கிள்கள் வழுக்கி விழும் அளவுக்கு ஆனதால் பாலத்தை மூட நேர்ந்தது. தொல்லைதான் என்றாலும் நீரியல் அறிஞர்கள் இதை நல்ல அறிகுறியாகவே கொள்கிறார்கள். ஆற்றின் அடியில் போதிய பிராணவாயு இல்லாவிட்டால் இவ்வகை ஈக்களின் புழுக்கள் பிழைக்க மாட்டா.

நீருக்குள் ஒரு நாள் கணக்கு

மீனுக்கும் மூச்சு உண்டு. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அது செவுள் வழியே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரில் இந்த வாயு அதிகம் கரையும், சூடான நீரில் குறைவாகக் கரையும். ஒரு லிட்டர் நன்னீரில் 10 டிகிரி வெப்பத்தில் சுமார் 11 மில்லிகிராம் கரையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே. ஆனால் நீர் சூடாகும்போது மீனின் பிராணவாயுத் தேவை கூடுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது.

நீரில் வளரும் பாசியும் செடிகளும் பகலில் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் ஒளி இல்லை. அப்போது பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. அதனால் மாலை 3 அல்லது 4 மணிக்கு உச்சத்தில் இருக்கும் பிராணவாயு, இரவெல்லாம் குறைந்து, சூரிய உதயத்துக்குச் சற்று முன் மிகவும் தாழ்ந்துவிடுகிறது.

பாசி அளவோடு இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் சிறியது. பாசி மண்டிவிட்டால் பகலில் மிகையும் விடியலில் பஞ்சமும் ஏற்படும். பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இவ்வகை மீன்களுக்குத் துன்பம் தொடங்குகிறது. பாறையில் மோதிப் பாயும் நீர் காற்றைக் கலந்துகொள்வதால் அங்கே பஞ்சம் வருவதில்லை. விடியற்காலையில் தேர்ந்த தூண்டில்காரர் பாய்ச்சல் நீரைத் தேடிப் போவதன் காரணம் இதுதான்.

ஆனால் பெரிய மீன் போல் குஞ்சு மீன் பாய்ச்சல் நீருக்குப் போக முடியாது. விரல் நீளக் குஞ்சுகள் கரையோரத்தில், ஆழமற்ற, மெதுவான நீரிலேயே வாழ்கின்றன. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் அளந்து பார்த்தபோது, குஞ்சுகள் வாழும் கரையோரப் பகுதிகளில் பிராணவாயு நடு ஆற்றில் இருப்பதைவிடக் குறைவாகவே இருந்தது.

2005 ஆம் ஆண்டில் நடந்தது

2005 கோடையில் இந்த ஆற்றின் நடுப்பகுதியில் பாஸ் குஞ்சுகள் உடலில் புண்களோடும் வெண்ணிறத் திட்டுக்களோடும் பெருமளவில் செத்து மிதந்தன. பின்வந்த ஆண்டுகளிலும் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. வளர்ந்த மீன்களின் எண்ணிக்கை குறைந்தது. மீன்பிடிப்போரை அழைத்துச் செல்லும் படகோட்டிகள், தூண்டில் கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள் ஆகியோரின் பிழைப்பும் இதனால் அடிவாங்கியது.

பென்சில்வேனியா மாநில மீன், படகு ஆணையம் 2011 முதல் ஆற்றின் குறிப்பிட்ட பகுதிகளில் பிடித்த பாஸ் மீனை உடனே ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்று விதி செய்தது. முட்டையிடும் பருவத்தில் இந்த மீனைத் தேடிப் பிடிப்பதற்கும் பின்னர் தடை வந்தது. பிடித்த மீனைத் திரும்ப விடுவதா என்று நம் உழவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். விதைக்கு எடுத்து வைத்த நெல்லை உண்பதில்லை அல்லவா? அதே நியாயந்தான் இது.

காரணம் என்ன என்பதில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. தொடக்கத்தில் வெப்பமும் பிராணவாயுக் குறைவுமே முதன்மைக் காரணங்கள் என்று எண்ணினார்கள். 2015 டிசம்பரில் மாநில சுற்றுச்சூழல் துறையினர், மத்திய அரசு நிறுவனங்களோடும் பல்கலைக்கழக அறிஞர்களோடும் சேர்ந்து எல்லாக் காரணங்களையும் எடைபோட்டு அறிக்கை வெளியிட்டார்கள். அதில் இரண்டு காரணங்கள் முன்னணியில் நின்றன. ஒன்று, நோய்க் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும். மற்றது, களைக்கொல்லிகளும், உடலின் சுரப்பிகளைக் குழப்பும் ரசாயனங்களும். வெப்பம், பிராணவாயு இவற்றின் பங்கு முற்றிலும் மறுக்கப்படவில்லை. ஆயினும் உறுதிப்படவும் இல்லை. இந்த ஆற்றில் பல ஆண் பாஸ் மீன்களின் விந்துச் சுரப்பியில் முட்டைக் கருக்கள் காணப்பட்டதும், ரசாயனங்களின் மேல் ஐயம் விழக் காரணமாயிற்று.

இங்கே உழவர்கள் காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். அங்கே மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிப்பது ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. பாஸ் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது மே, ஜூன் மாதங்கள். மருந்து அடித்ததும் மழை பெய்தால், அது ஓடைக்கு வரும் நேரமும் குஞ்சுகள் மென்மையாக இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

வயலுக்கும் ஆற்றுக்கும் உள்ள வழி

எல்லாப் பழியும் உழவர் மேல் என்று கொள்வது தவறு. நகரங்களின் கழிவுநீர், பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீர், சாலைகளின் ஓடுநீர் ஆகியவையும் இந்த ஆற்றில் சேர்கின்றன. ஆனால் செசபீக் விரிகுடாவுக்கு வரும் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டிலும் விவசாயத்தின் பங்கே பெரியது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள லங்காஸ்டர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பண்ணையின் சராசரி அளவு 80 ஏக்கருக்குள்தான். அமெரிக்காவில் இது சிறு பண்ணை. ஆமிஷ் என்ற பிரிவினர் இன்றும் கோவேறு கழுதைகளையும் குதிரைகளையும் பூட்டி உழுகிறார்கள். கறவை மாடும் கோழியும் பன்றியும் மிகுதி. இவற்றுக்குத் தீவனத்தின் ஒரு பகுதி வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. தானியம் வண்டியில் வந்து இறங்குகிறது, பாலும் முட்டையும் வெளியே போகின்றன, சாணமும் எச்சமும் அங்கேயே தங்குகின்றன. பயிர் உண்ணக்கூடிய அளவுக்கு மேல் சத்து நிலத்தில் சேர்ந்துவிடுகிறது. இயற்கை எரு என்பதால் எவ்வளவு இட்டாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம் சரியன்று என்பதை அந்த மாவட்டம் காட்டுகிறது.

மணிச்சத்து மண் துகளோடு ஒட்டிக்கொண்டு போகிறது. மண் அரிப்பு இருந்தால் அதுவும் போகும். தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்து, நிலத்தடி நீரில் இறங்கி, சில இடங்களில் பல ஆண்டுகள் கழித்துக்கூட ஊற்றாக ஆற்றில் வந்து சேர்கிறது. இன்று இடும் உரத்தின் விளைவை அடுத்த தலைமுறை பார்க்கும் நிலையும் உண்டு.

அங்கே எடுத்த நடவடிக்கைகள்

2010 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் செசபீக் விரிகுடாவுக்கு வரம்பு விதித்தது. ஆண்டுக்கு 18 கோடியே 59 லட்சம் பவுண்டு தழைச்சத்துக்கும், 1 கோடியே 25 லட்சம் பவுண்டு மணிச்சத்துக்கும் மேல் வரக்கூடாது என்பது அந்த வரம்பு. அதாவது இரண்டிலும் ஏறக்குறைய கால் பங்கு குறைய வேண்டும். இதற்கான ஏற்பாடுகளை 2025 க்குள் முடிக்கக் கெடு வைத்தார்கள். தழைச்சத்தில் அந்த இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. அதற்காக முயற்சி வீண் என்று பொருளல்ல. பாஸ் குஞ்சுகளின் நோய் பின்னாளில் தணிந்து, ஆற்றின் மீன்வளமும் ஓரளவு மீண்டிருக்கிறது.

பண்ணைகளில் செய்த வேலைகள் எளியவை. ஓடைக்கரையில் வேலி கட்டி மாடுகள் நீரில் இறங்காமல் தடுத்தார்கள். கரையோரம் 35 அடியாவது அகலம் விட்டு மரமும் புல்லும் வளர்த்தார்கள். அந்த நிலத்துக்கு உழவருக்கு வாடகை கொடுக்கும் அரசுத் திட்டம் உண்டு. அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விடாமல் ரை என்ற தானியப் பயிரை மூடுபயிராக விதைத்தார்கள். எருவைச் சேமிக்கத் தொட்டி கட்டி, பயிருக்கு வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு மட்டும் இட்டார்கள்.

நம் உழவர்கள் கொள்ள வேண்டியவை

சஸ்குவெஹானா ஆற்றுக்கும் நம் ஏரி, குளங்களுக்கும் மீன் இனம் வேறாக இருக்கலாம். நீரின் இயல்பும் சத்து ஓடும் வழியும் ஒன்றே. ஆகவே கீழ்க்கண்டவற்றை நம் உழவர்கள் கடைப்பிடிப்பது நல்லது.

1. நெல் வயலில் களைக்கொல்லி இட்ட பின் 2 அல்லது 3 நாட்களுக்கு நீரை வடிக்கக் கூடாது. வடித்தால் களையும் சாகாது, மருந்தும் வாய்க்கால் வழியே குளத்துக்குப் போய்விடும். வரப்பில் நண்டு வளையும் எலி வளையும் இருந்தால் முதலில் அடைத்துவிட வேண்டும்.

2. மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகியவற்றில் களைக்கொல்லி தெளிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்கட்டும். ஆனால் பெருமழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். தெளிப்பானையும் மருந்துக் குப்பியையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதல் கூடவே கூடாது.

3. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பரிந்துரைப்படி பிரித்து இட வேண்டும். வயலில் நீரை வடித்து, சேறு பதத்தில் இட்டு, பிறகு நீர் கட்டுவது நல்லது. மழைக்கு முன் தூவிய யூரியா பயிருக்கு அல்ல, பாசிக்கே போகிறது. காசு உழவருடையது, பலன் பாசிக்கு.

4. மண் பரிசோதனை செய்யாமல் ஆண்டுதோறும் டி.ஏ.பி. இடுவதைத் தவிர்க்க வேண்டும். மணிச்சத்து ஏற்கனவே போதிய அளவு இருக்கும் நிலத்தில் மேலும் இடுவது பணவிரயம்.

5. ஓடை, வாய்க்கால் ஓரத்தில் உழுது கரை வரை பயிரிடாமல், சில அடி அகலம் வெட்டிவேர், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றை விட்டுவைக்கலாம். அரித்துவரும் மண்ணை அது வடிகட்டும். மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கும்.

6. பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்போர் வாரம் ஒருமுறையாவது விடியுமுன் குட்டைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் பிராணவாயுப் பஞ்சம் என்று அறியலாம். உடனே மோட்டாரை ஓட்டிப் புதுநீரை உயரத்திலிருந்து விழச் செய்ய வேண்டும். அன்றைக்குச் சாணமும் தீவனமும் போடக் கூடாது. வெயில் ஏறிய பிறகு போனால் மீன்கள் கீழே இறங்கியிருக்கும், குறை தெரியாது.

7. குட்டை நீர் அளவுக்கு மேல் பச்சையாகிவிட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. கையை நேராக நீருக்குள் விடுங்கள். முழங்கை நனையுமுன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிகுதி. நீர் தெளியும் வரை எரு இடுவதை நிறுத்த வேண்டும். மேகமூட்டமான நாட்கள் தொடர்ந்தால் இன்னும் கவனம் தேவை. பகலில் சேரும் பிராணவாயு அப்போது குறைவு.

8. வேற்று நாட்டு மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது. சிறுவாய் பாஸ் மீனும் சஸ்குவெஹானாவுக்கு அயல் மீன்தான். 1854 இல் ஒஹையோ ஆற்றுப் பக்கமிருந்து ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து பக்கத்துப் போடோமாக் ஆற்றில் விட்டார்கள். அங்கிருந்து பின்னர் இந்த ஆற்றுக்கும் கொண்டுவந்தார்கள். விட்ட மீனைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மண் பரிசோதனைக்கும் உரப் பரிந்துரைக்கும் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையும், குட்டை மீன் வளர்ப்புக்கு மீன்வளத் துறை அலுவலரையும் அணுகலாம்.

சஸ்குவெஹானாவில் முதலில் செத்தவை குஞ்சுகள். ஆற்றில் குறை இருப்பதை அவைதான் எல்லோருக்கும் முன்னால் காட்டின. நம் ஊர்க் குளத்திலும் வாய்க்காலிலும் கெண்டைக் குஞ்சும் அயிரையும் குறைந்துகொண்டே வந்தால், பிடிப்பவர் அதிகமாகிவிட்டார் என்று மட்டும் எண்ணாமல், மேலே உள்ள வயல்களிலிருந்து என்ன வடிந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வயல்களில் நம்முடையதும் ஒன்றாக இருக்கலாம்.